ஜான் கசவெட்டிஸ்: நடிப்பு அவருக்கு வெறும் பிழைப்புதானா?

பதிவு 1 | மேட்னி ஷோ

கசவெட்டிஸைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான் வருகிறது. ஸ்டுடியோ படங்களில் வேண்டாவெறுப்பாக நடித்தார், சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்து சொந்தப் படம் எடுத்தார், வீட்டை அடமானம் வைத்தார், 59 வயதில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அமெரிக்கச் சுயாதீன சினிமாவின் தியாகி. அவர் படம் ஒன்றையும் பார்க்காதவர்கள்கூட இதை ஒப்பிப்பார்கள்.

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். பணக்கணக்கு சரி. ஆனால் நடிப்பை வெறும் பிழைப்பு என்று ஒதுக்கிவிட்டால் அவர் படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதே புரியாமல் போய்விடும். இயக்குநராவதற்கு முன்பே அவர் கவனிக்கப்பட்ட நடிகர். 1929இல் நியூயார்க்கில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர், அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸில் படித்தவர். ஐம்பதுகளில் நியூயார்க்கில் நேரலைத் தொலைக்காட்சி நாடகங்கள் கொடிகட்டிப் பறந்தபோது வரிசையாக நடித்தவர். 1956இல் டான் சீகல் இயக்கிய 'கிரைம் இன் தி ஸ்ட்ரீட்ஸ்', அடுத்த வருடம் சிட்னி பாய்ட்டியருடன் 'எட்ஜ் ஆஃப் தி சிட்டி'. அந்த இரண்டாவது படத்தைப் பாருங்கள். ரயில் யார்டில் வேலைக்கு வரும் ராணுவத்திலிருந்து ஓடிப்போன இளைஞன். கண்ணைத் தூக்கி யாரையும் பார்க்கமாட்டான், பாதி வசனம் தரையைப் பார்த்துத்தான். பின்னால் அவர் தன் நடிகர்களிடம் எதிர்பார்த்தது எல்லாம் அதில் இருக்கிறது.

நடிகனுக்கு எது தொந்தரவு என்று தெரிந்த ஒருவர் அந்தத் தொந்தரவுகளையெல்லாம் செட்டிலிருந்து அப்புறப்படுத்தினால் எப்படிப்பட்ட சினிமா வரும்? அதுதான் கசவெட்டிஸ் சினிமா. இது என் வாதம். மறுப்பவர்கள் வரலாம்.

பதிவு 2 | கறுப்பு வெள்ளை

மறுக்க வரவில்லை, கூடுதலாக ஒன்று சொல்ல வந்தேன். அவர் இயக்கிய முதல் படமான 'ஷேடோஸ்' பிறந்ததே ஒரு நடிப்புப் பட்டறையில்தான். பர்ட் லேன் என்பவரோடு சேர்ந்து மன்ஹாட்டனில் கசவெட்டிஸ் ஒரு பட்டறை நடத்திவந்தார். அங்கே செய்த ஒரு பயிற்சி, வெள்ளைத் தோலோடு இருக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணைச் சுற்றியது. அதைப் படமாக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. 1957 தொடக்கத்தில் 'எட்ஜ் ஆஃப் தி சிட்டி'க்கு விளம்பரம் செய்ய ஜீன் ஷெப்பர்டின் இரவு வானொலி நிகழ்ச்சிக்குப் போனவர், வந்த வேலையை விட்டுவிட்டு, சாதாரண மனிதர்களைப் பற்றி ஒரு படம் வேண்டுமென்றால் ஆளுக்கு ஒன்றிரண்டு டாலர் அனுப்புங்கள் என்கிற மாதிரி பேசிவிட்டார். மக்கள் அனுப்பியும் விட்டார்கள்! சுமார் 2000 டாலர் சேர்ந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் எடுக்காமல் இருக்க முடியுமா?

16 எம்எம் கேமரா, நியூயார்க் தெருக்கள், அனுமதி கிடையாது. நடித்த லெலியா கோல்டோனி, பென் கருத்தர்ஸ், ஹியூ ஹர்ட் யாருக்கும் அன்று பெயர் கிடையாது. கதாபாத்திரங்களின் பெயர்களே லெலியா, பென், ஹியூ. இசைக்கு சார்லஸ் மிங்கஸைப் பிடித்தார். படத்தில் கேட்கும் சாக்ஸபோனில் பெரும்பகுதி ஷாஃபி ஹாடியுடையது.

ஒரு உறுத்தல் மட்டும் உண்டு. லெலியா கோல்டோனி இத்தாலிய வம்சாவளிப் பெண். நிறத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் படத்தில், கதையின் மையத்திலிருக்கும் கறுப்பினப் பெண்ணாக நடித்தவர் கறுப்பினத்தவர் இல்லை. இன்று யாரும் அப்படி எடுக்க மாட்டார்கள். இருந்தாலும் அவள் காதலன் அவளுடைய அண்ணனைப் பார்த்ததும் முகம் மாறுமே, அந்த இரண்டு மூன்று நொடி இன்றைக்கும் சுடுகிறது.

பதிவு 3 | புறநகர் ரயில்

படத்தின் கடைசியில் 'நீங்கள் இப்போது பார்த்த படம் ஒரு இம்ப்ரொவைசேஷன்' என்று எழுத்து வருமே. அப்படியானால் மேட்னி அண்ணா சொல்கிற 'இயக்குநர்' எங்கே வருகிறார்? நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள், இவர் கேமராவை ஓடவிட்டார். அவ்வளவுதானே?

பதிவு 4 | கறுப்பு வெள்ளை

தம்பி, அந்த ஒரு வரி செய்த குழப்பத்துக்கு அளவே இல்லை. அதை நம்பி வாழ்நாள் முழுக்க அவரை வாய்க்கு வந்தபடி படம் எடுத்தவர் என்று எழுதித் தீர்த்தார்கள்.

'ஷேடோஸ்' இரண்டு இருக்கிறது. 1957இல் எடுத்ததை 1958 இறுதியில் நியூயார்க் பாரிஸ் தியேட்டரில் இலவசமாகக் காட்டினார்கள். கசவெட்டிஸுக்கே பிடிக்கவில்லை. கேமராக் கோணங்களில் காட்டிய அக்கறையை மனிதர்களிடம் காட்டவில்லை என்று நினைத்தார். மறுபடி நடிகர்களைக் கூப்பிட்டு, இந்த முறை காட்சிகளை எழுதி வைத்துக்கொண்டு, 1959இல் நிறையப் புதிதாக எடுத்தார். இன்று நாம் பார்க்கும் படத்தில் பெரும்பகுதி அந்த இரண்டாம் சுற்றில் எடுத்தது. கதையும் அடிப்படைச் சூழலும் பட்டறையில் ஊறியவை, வசனம் கணிசமாக எழுதப்பட்டது.

இதில் வேடிக்கை, முதல் வடிவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர் ஜோனாஸ் மேக்கஸ். அவருடைய 'ஃபிலிம் கல்ச்சர்' பத்திரிகை தன் முதல் சுயாதீனத் திரைப்பட விருதையே அதற்குத்தான் கொடுத்தது. இரண்டாம் வடிவம் வந்ததும், வியாபாரத்துக்கு வளைந்துவிட்டார் என்று அதே மேக்கஸ் கொதித்தார். கசவெட்டிஸ் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவதுதான் 1960 வெனிஸ் விழாவில் விமர்சகர் விருது வாங்கியது.

முதல் வடிவம் தொலைந்தே போனது. ரே கார்னி என்ற பேராசிரியர் பல வருடம் தேடி ஒரு பிரதியைக் கண்டுபிடித்து 2004இல் ராட்டர்டாம் விழாவில் காட்டினார். யாரோ சுரங்க ரயிலில் விட்டுப்போன பெட்டி ஏலத்தில் கைமாறி எங்கோ கிடந்தது என்பது அவர் சொன்ன கதை. கசவெட்டிஸின் மனைவி ஜீனா ரோலண்ட்ஸ் அதைத் திரையிடவே கூடாது என்று நின்றுவிட்டார். கணவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை ஊருக்குக் காட்டாதீர்கள் என்பது அவர் நியாயம். எனக்குப் பார்க்க ஆசைதான், ஆனால் அவர் பக்கம்தான் சரி என்று படுகிறது.

பதிவு 5 | எடிட்டிங் டேபிள்

எல்லோரும் பூஜை செய்கிறீர்கள், நான் கொஞ்சம் கல்லெறிகிறேன்.

நடிகனுக்கு அளவில்லாத சுதந்திரம் கொடுத்ததுதான் அவருடைய பலம் என்கிறார் மேட்னி. அதுவேதான் நோய் என்கிறேன் நான். 'ஹஸ்பண்ட்ஸ்' (1970) பார்த்திருக்கிறீர்களா? நண்பன் செத்துப்போன துக்கத்தில் மூன்று நடுவயதுக்காரர்கள் குடிக்கிறார்கள், பாடுகிறார்கள், வாந்தி எடுக்கிறார்கள், லண்டனுக்குப் பறக்கிறார்கள். மதுக்கடையில் ஒரு பெண்ணைப் பாடச் சொல்லி, 'உணர்ச்சி போதவில்லை, மறுபடி பாடு' என்று துன்புறுத்தும் காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. கசவெட்டிஸ், பீட்டர் ஃபால்க், பென் கசாரா மூவரும் ரசித்துச் செய்கிறார்கள். ரசிப்பது அவர்கள் மட்டும்தான் என்பதுதான் சிக்கல். வெளியான பிறகு கொலம்பியா ஸ்டுடியோ பத்து நிமிடத்துக்கு மேல் கத்தரித்தது. எல்லோரும் கொலம்பியாவைத் திட்டுவார்கள். நான் இன்னும் இருபது நிமிடம் கத்தரித்திருப்பேன்.

அந்தப் படத்துக்கு விளம்பரம் செய்யப் போய், டிக் கேவெட் நிகழ்ச்சியில் மூவரும் தரையில் விழுந்து புரண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தொகுப்பாளரை வெளியே போகும் அளவுக்குப் படுத்திய காணொளி இணையத்தில் கிடைக்கும். படமும் கிட்டத்தட்ட அதுதான்.

தன் படம் நீளம் என்று அவருக்கே தெரியும். 'தி கில்லிங் ஆஃப் எ சைனீஸ் புக்கி' 1976இல் 135 நிமிடமாக வந்து தியேட்டரில் படுத்தது. 1978இல் அவரே மறுபடி வெட்டி 108 நிமிடமாகக் கொடுத்தார். இரண்டும் கிடைக்கின்றன. சின்னதைப் பாருங்கள், கிளப் முதலாளி காஸ்மோ விட்டெல்லியின் தனிமை எவ்வளவு கூர்மையாக வருகிறது என்று தெரியும்.

பதிவு 6 | மேட்னி ஷோ

எடிட்டர் சாரிடமிருந்து இதை எதிர்பார்த்தேன். புக்கி விஷயத்தில் உடன்படுகிறேன், 'ஹஸ்பண்ட்ஸ்' விஷயத்தில் இல்லை. அந்த மதுக்கடைக் காட்சி, ஒரு இயக்குநர் நடிகர்களைச் செய்யும் சித்ரவதையின் நகல். மூன்று ஆண்கள் ஒரு பெண்ணிடம் 'உண்மையாகச் செய்' என்று கத்துகிறார்கள், அவர்களிடம் உண்மை என்று ஒன்றுமே இல்லை. கசவெட்டிஸ் தன் தொழிலையே கிண்டல் செய்கிறார் என்றுதான் எனக்குப் படும்.

வெட்டுவது பற்றி அவருக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 'ஷேடோஸ்' பேர் வாங்கியதும் ஹாலிவுட் கூப்பிட்டது. 1961இல் பாரமவுண்டுக்கு 'டூ லேட் ப்ளூஸ்', ஜாஸ் இசைக்காரர்களின் கதை, பாபி டாரின் நாயகன். சுமாராக வந்தது. அடுத்தது 'எ சைல்ட் இஸ் வெயிட்டிங்' (1963). தயாரிப்பு ஸ்டான்லி கிராமர், நடிப்பு பர்ட் லங்காஸ்டரும் ஜூடி கார்லண்டும். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான விடுதி பற்றிய படம். பொமோனாவிலிருந்த அரசு மருத்துவமனைக் குழந்தைகளையே நடிக்கவைத்தார்.

படத்தொகுப்பில் கிராமர் அவரை வெளியேற்றிவிட்டுத் தானே படத்தை முடித்தார். கைகலப்பு வரை போனதாகப் பேச்சு. தகராறு நீளத்தைப் பற்றியது இல்லை. இந்தக் குழந்தைகளுக்குத் தனி இடம்தான் நல்லது என்பது போல கிராமரின் வடிவம் முடிகிறது. கோளாறு குழந்தைகளிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்பது கசவெட்டிஸின் நிலைப்பாடு. வெட்டியதில் படத்தின் கருத்தே மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் இயக்கும் வாய்ப்பு வெகுநாள் வரவில்லை. கத்தரியை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டேன் என்ற பிடிவாதம் அங்கே ஆரம்பித்தது. அந்தப் பிடிவாதத்துக்கு அவர் படங்கள் சில இடங்களில் விலை கொடுத்திருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன்.

பதிவு 7 | மதுரை வடக்கு

இதே போல நம்ம ஊரில் நடித்துச் சம்பாதித்துச் சொந்தப் படம் எடுத்து நஷ்டப்பட்டவர்கள் பட்டியல் போடலாமா?

பதிவு 8 | கறுப்பு வெள்ளை

ஐயா வேண்டாம். போன தடவை பட்டியல் போட்டு முப்பது பக்கம் சண்டை, இழையைப் பூட்டினார்கள். தனி இழை திறங்கள், வருகிறேன்.

பதிவு 9 | நந்தியாவட்டை

இவ்வளவு பேசியும் ஜீனா ரோலண்ட்ஸ் பெயர் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறது, அதுவும் பிரதியைத் தடுத்தவராக! இது நியாயமா?

'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்' (1974) முதலில் மேடை நாடகமாகத்தான் எழுதப்பட்டது. இந்தப் பாத்திரத்தை வாரத்துக்கு எட்டுத் தடவை மேடையில் நடித்தால் நான் தாங்கமாட்டேன் என்று ரோலண்ட்ஸ் சொன்னதால் படமானது. மேபல் என்ற இல்லத்தரசி. கணவன் நிக், நகராட்சிக் கட்டுமானக் குழுவின் தலைவன், பீட்டர் ஃபால்க். அவளுக்குப் பைத்தியமா, இல்லை சுற்றியிருப்பவர்கள் அவளை அப்படி ஆக்குகிறார்களா என்று படம் கடைசி வரை தீர்ப்புச் சொல்லாது.

இரவு வேலை முடிந்த குழுவையே நிக் காலையில் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவான். அவள் எல்லோருக்கும் ஸ்பெகட்டி சமைத்துப் போடுவாள். ஒருவர் ஓபரா பாட்டை எடுத்துவிடுவார். மேபல் அவர் முகத்துக்கு அருகில் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது போல வாய்க்குள் எட்டிப் பார்ப்பாள். இதுவரை எல்லாம் சந்தோஷம். அப்புறம் ஒருவரை நடனமாடக் கூப்பிடுவாள், அவர் கூச்சத்தில் நெளிவார், அவள் விடமாட்டாள். நிக் ஒரே சத்தம். மேசை அமைதியாகிவிடும். அவள் செய்ததில் என்ன தவறு என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எல்லோருக்கும் எழுந்து போகவேண்டும் போலிருக்கும். குடும்ப விருந்துகளில் சற்று அதிகமாகப் பேசிவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்த பெண்கள் யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

புறநகர் ரயிலுக்கு: இந்தப் படத்தில் வசனம் எல்லாம் எழுதியதுதான். ரோலண்ட்ஸும் ஃபால்க்கும் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். சொல் எழுதப்பட்டிருக்கும், அதை எப்படிச் சொல்வது, எங்கே நின்று சொல்வது என்பதில்தான் கட்டுப்பாடு இல்லை.

மேபலின் அம்மாவாக நடித்தவர் ரோலண்ட்ஸின் சொந்த அம்மா. மாமியாராக வந்து கொடுமை செய்பவர் கசவெட்டிஸின் சொந்த அம்மா கேத்தரின். சம்பந்திகளை இப்படி நேருக்கு நேர் மோதவிட எவ்வளவு தைரியம் வேண்டும்!

பதிவு 10 | எடிட்டிங் டேபிள்

நந்தியாவட்டை அக்கா சொன்ன படத்தில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்டமாட்டேன். இரண்டரை மணி நேரம், ஒரு இடத்திலும் கை வைக்க முடியாது.

தொழில்நுட்ப விஷயம் ஒன்று சொல்கிறேன், மேட்னியின் வாதத்துக்கு உதவும். வழக்கமான படப்பிடிப்பில் நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டியிருப்பார்கள். அங்கே நின்றால்தான் ஒளி சரியாக விழும், ஃபோகஸ் கிடைக்கும். நடிப்பவர் மனதில் ஒரு பாதி அழுதுகொண்டிருக்கும், மறுபாதி டேப்பைத் தேடிக்கொண்டிருக்கும். கசவெட்டிஸ் அந்த டேப்பை ஒழித்தார். அறை முழுவதற்கும் பொதுவாக ஒளி அமைத்துவிடுவது, நடிகர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், கேமரா பின்னால் ஓடும். பல சமயம் கையில் கேமராவோடு ஓடுபவர் அவரேதான். அதனால்தான் ஃபோகஸ் தவறி முகம் மங்கி மறுபடி தெளிவாகும். வேறொருவர் குப்பையில் போடும் அந்தத் துண்டுகளை இவர் வைத்துக்கொள்வார், நடிப்பு நன்றாக இருந்தால்.

'ஃபேசஸ்' இன்னும் மோசமான வேலை. 1965இல் ஆறு மாதம், தன் வீட்டிலும் மாமியார் வீட்டிலும், 16 எம்எம் கறுப்பு வெள்ளை. குவிந்தது நூறு மணி நேரத்துக்கும் மேல். அல் ரூபன் போன்ற நண்பர்களோடு வீட்டிலேயே உட்கார்ந்து தொகுத்து, 1968இல்தான் வெளியே வந்தது. மூன்று வருடம்! சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எந்த எடிட்டரும் ஓடிப்போயிருப்பார். வந்த படம் 130 நிமிடம், பெரும்பாலும் முகங்கள், சிரிப்பு. மனிதர்கள் பயத்தை மறைக்கச் சிரிக்கும் சிரிப்பை இதைவிட நன்றாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது.

அதில் மனைவியாக வரும் லின் கார்லின் அதுவரை சினிமாவில் நடித்ததே இல்லை, ராபர்ட் ஆல்ட்மனின் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவர். துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. சீமோர் கேசலுக்கும் துணை நடிகர் பரிந்துரை, கசவெட்டிஸுக்குத் திரைக்கதைப் பரிந்துரை. ஜான் மார்லிக்கு வெனிஸில் சிறந்த நடிகர் விருது.

பதிவு 11 | புறநகர் ரயில்

சரி, எழுதி வைத்துத்தான் எடுத்தார் என்பதை ஏற்கிறேன். ஆனால் தலைப்புக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. மற்றவர்கள் படத்தில் அவர் எப்படி? நான் பார்த்தது 'ரோஸ்மேரிஸ் பேபி' மட்டும். நடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் ஆள் அங்கே சந்தோஷமாக இல்லை என்பது திரையிலேயே தெரிகிறது.

பதிவு 12 | மேட்னி ஷோ

சந்தோஷமாக இல்லைதான். அதை இயக்கிய போலன்ஸ்கி ஒவ்வொரு அசைவையும் அளந்து வைத்துப் பல டேக் கேட்பவர். கசவெட்டிஸுக்கு அது மூச்சுமுட்டியது. இருவரும் பிற்பாடு ஒருவரையொருவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அவர் நடித்த கை உட்ஹவுஸ் என்ற பாத்திரம் வாய்ப்புக்கு அலையும் நடிகன், முன்னேறுவதற்காக மனைவியையே விற்றுவிடுகிறவன். அந்தப் புன்னகை எப்போதும் முகத்தில் ஒரு நொடி கூடுதலாக நிற்கும். நடிகர்களின் அற்பத்தனத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவரால்தான் அப்படிச் செய்ய முடியும். அந்தச் சம்பளமும் 'ஃபேசஸ்' வேலைக்குப் போனது வேறு விஷயம்.

அதற்கு முந்தைய வருடம் 'தி டர்ட்டி டஜன்'. பன்னிரண்டு குற்றவாளிச் சிப்பாய்களில் இவர் ஃபிராங்கோ, வாய்த்துடுக்கு. லீ மார்வின், சார்லஸ் பிரான்சன், ஜிம் பிரவுன் என்று மலைமலையாக ஆட்கள். நடுவில் ஒல்லியாக நின்றுகொண்டு எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிறார். துணை நடிகர் பரிந்துரை. ஜார்ஜ் கென்னடி தட்டிப் பறித்துவிட்டார்.

ஆக நடிப்பு, எழுத்து, இயக்கம் மூன்றுக்கும் தனித்தனி வருடங்களில் ஆஸ்கர் பரிந்துரை. ஒன்றும் கிடைக்கவில்லை. இயக்கத்துக்கான பரிந்துரை நந்தியாவட்டை சொன்ன படத்துக்கு, அந்த வருடம் கொப்போலா வாங்கினார். ரோலண்ட்ஸ் தோற்றது எலன் பர்ஸ்டினிடம். பர்ஸ்டின் நடித்த படத்தை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செஸி. இவர் யார் தெரியுமா? 'மின்னி அண்ட் மாஸ்கோவிட்ஸ்' சமயத்தில் கையில் காசில்லாமல் கசவெட்டிஸிடம் ஒலித்தொகுப்பு வேலைக்கு ஒட்டிக்கொண்டிருந்தவர். 1972இல் 'பாக்ஸ்கார் பெர்த்தா' என்ற மலிவுப் படத்தை எடுத்துக்கொண்டுவந்து காட்டியதும், கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டாயே, உனக்கு உண்மையில் எதைப் பற்றி எடுக்க ஆசை என்று கேட்டாராம் கசவெட்டிஸ். அதன் பிறகு வந்ததுதான் 'மீன் ஸ்ட்ரீட்ஸ்'. ஸ்கோர்செஸியே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை.

பதிவு 13 | தேநீர் இடைவேளை

இந்த இழையை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. 'சுயாதீனம்' என்கிறீர்களே, அதற்கு யார் காசு கொடுத்தது?

'மின்னி அண்ட் மாஸ்கோவிட்ஸ்' யுனிவர்சல் காசு. 'குளோரியா' கொலம்பியா காசு. 'லவ் ஸ்ட்ரீம்ஸ்' கேனன் ஃபிலிம்ஸ் காசு, அதாவது நிஞ்ஜா படமும் சக் நாரிஸ் படமும் எடுத்து விற்ற கோலன், குளோபஸ் இருவரும். உண்மையிலேயே சொந்தக் காசு என்றால் 'ஷேடோஸ்', 'ஃபேசஸ்', 'வுமன்', 'புக்கி', 'ஓப்பனிங் நைட்'. அவற்றிலும் 'வுமன்' படத்துக்கு அரை மில்லியன் டாலர் போட்டவர் பீட்டர் ஃபால்க், கொலம்போ துப்பறிவாளராகத் தொலைக்காட்சியில் சம்பாதித்தது. அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் கசவெட்டிஸ் அப்போது பொறுப்பில் இருந்தார், அங்கே படித்த மாணவர்கள் கைநீட்டிச் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார்கள். 'ஃபேசஸ்' குழுவும் அப்படித்தான். லாபம் வந்தால் பங்கு என்ற பேச்சு. நட்பு, குடும்பம், கலை என்ற பெயரில் ஊதியமில்லா உழைப்பு. இதை ஒரு ஸ்டுடியோ செய்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

பதிவு 14 | மேட்னி ஷோ

கேட்கவேண்டிய கேள்விதான், அதை மழுப்ப விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், அவர் மற்றவர்கள் பையில் மட்டும் கைவிடவில்லை. 1959-60இல் 'ஜானி ஸ்டக்காட்டோ' என்ற தொலைக்காட்சித் தொடர், பியானோ வாசிக்கும் துப்பறிவாளர், 27 வாரம். அந்தச் சம்பளம் 'ஷேடோஸ்' கடனுக்குப் போனது. 'வுமன்' படத்துக்கு வீட்டை அடமானம் வைத்தார். முடித்த பிறகு எந்த விநியோகஸ்தரும் தொடவில்லை. தன்னுடைய ஃபேசஸ் இன்டர்நேஷனல் நிறுவனம் மூலம், தியேட்டர் தியேட்டராகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசி, கல்லூரிகளில் காட்டி, தானே வெளியிட்டார். ஸ்டுடியோ துணையில்லாமல் வெளியான படம் போட்ட பணத்தைப் பல மடங்கு திரும்பக் கொண்டுவந்தது. ஃபால்க்குக்கு நஷ்டமில்லை.

அந்த லாபத்தை அப்படியே அடுத்த இரண்டு படத்தில் விட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'புக்கி' படுத்தது. 'ஓப்பனிங் நைட்' 1977 கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் சில வாரம் ஓடியதோடு சரி.

மாணவர்கள் விஷயத்தில் உங்களுக்குப் பதில் என்னிடம் இல்லை. பலர் பின்னாளில் அதைத் தங்கள் வாழ்க்கையின் சிறந்த காலம் என்றார்கள். அது சம்பளத்துக்கு ஈடாகுமா என்றால், ஆகாது.

பதிவு 15 | நந்தியாவட்டை

'ஓப்பனிங் நைட்' பெயர் வந்ததால் மறுபடி வந்தேன். ஜீனா ரோலண்ட்ஸுக்கு 1978இல் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கிக் கொடுத்த படம். மர்ட்டில் என்ற மேடை நடிகை, வயதான பெண்ணாக நடிக்கமாட்டேன் என்று இயக்குநரோடும் எழுத்தாளரோடும் மல்லுக்கு நிற்கிறாள். உடன் நடிப்பவராகக் கசவெட்டிஸே வருகிறார். கடைசியில் முதல் காட்சி இரவில் நிற்க முடியாத போதையில் மேடையேறி, எழுதிய வசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இருவரும் மேடையிலேயே கிண்டலும் கேலியுமாக நாடகத்தை வேறொன்றாக மாற்றுவார்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் நிஜமாகவே சிரிக்கும். நடிப்பு பிழைப்பா என்று கேட்டவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். பிழைப்பாக நினைத்தவர் அதைப் பற்றி இரண்டரை மணி நேரப் படம் எடுக்கமாட்டார்.

'குளோரியா'வை அவர் விற்பதற்காகத்தான் எழுதினார், இயக்கும் எண்ணமே இல்லை. ரோலண்ட்ஸ் நடிப்பது என்று ஆனதும் அவரே இயக்கவேண்டியதாயிற்று. பின்னால் அவரே அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதுவோ 1980 வெனிஸில் தங்கச் சிங்கத்தை லூயி மாலின் படத்தோடு பகிர்ந்துகொண்டது! ஹை ஹீல்ஸோடும் கைத்துப்பாக்கியோடும் ஒரு பையனை இழுத்துக்கொண்டு நியூயார்க் முழுக்க ஓடும் நடுவயதுப் பெண். அவர் என்ன நினைத்தாலும் சரி, எனக்கு உயிர்.

'லவ் ஸ்ட்ரீம்ஸ்' (1984) பெர்லினில் தங்கக் கரடி. நாயகனாக ஜான் வாய்ட் நடிப்பதாக இருந்தது, விலகியதால் கசவெட்டிஸே இறங்கினார். உடல்நிலை அப்போதே சரியில்லை. அண்ணன் தங்கை கதை, ஆனால் அவர்கள் அண்ணன் தங்கை என்பதே பாதிப் படம் தாண்டித்தான் தெரியும். தனியாக இருக்கிறாயே, உனக்கு அன்பு செலுத்த ஏதாவது வேண்டும் என்று தங்கை ஒரு நாள் வாடகைக் காரில் குட்டிக் குதிரைகள், ஆடு, நாய், கோழி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து இறங்குவாள். அந்த வீடு அவர்கள் குடியிருந்த வீடு, 'ஃபேசஸ்' எடுத்த அதே வீடு.

பதிவு 16 | கறுப்பு வெள்ளை

அதுதான் கடைசி என்று சொல்லிக்கொள்வோம். 1986இல் 'பிக் ட்ரபிள்' என்ற ஒரு நகைச்சுவைப் படம் இருக்கிறது, வேறொருவர் பாதியில் விட்டதை ஃபால்க்குக்காக ஏற்று முடித்துக் கொடுத்தது. ரசிகர்கள் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள், நானும்தான். 1989 பிப்ரவரி 3 அன்று இறந்தார். நிக், அலெக்ஸாண்ட்ரா, ஜோயி மூன்று பிள்ளைகளும் இயக்குநர்களானார்கள். ரோலண்ட்ஸ் 2015இல் கௌரவ ஆஸ்கர் வாங்கினார், 2024 ஆகஸ்டில் மறைந்தார்.

பதிவு 17 | புறநகர் ரயில்

எதிலிருந்து ஆரம்பிப்பது? 'ஹஸ்பண்ட்ஸ்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எடிட்டிங் டேபிள் பயமுறுத்திவிட்டார்.

பதிவு 18 | எடிட்டிங் டேபிள்

'வுமன்' முதலில். அது பிடித்தால் 'ஃபேசஸ்'. இரண்டும் பிடித்தால் மட்டும் மற்றவை. 'குளோரியா' எப்போது வேண்டுமானாலும், வீட்டில் எல்லோரோடும் பார்க்கலாம்.

பதிவு 19 | மேட்னி ஷோ

வரிசை சரி. ஆனால் தலைப்புக்குரிய பதில் அவர் இயக்காத ஒரு படத்தில் இருக்கிறது. எலைன் மே இயக்கிய 'மைக்கி அண்ட் நிக்கி' (1976). கசவெட்டிஸும் ஃபால்க்கும் சின்ன வயதுச் சிநேகிதர்கள், சின்ன ரவுடிகள். ஒருவனைக் கொல்ல ஆள் ஏவியிருக்கிறார்கள், மற்றவன் காப்பாற்ற வந்திருக்கிறான் அல்லது காட்டிக்கொடுக்க. ஒரே இரவு. இயக்குநர் எடுத்துத் தள்ளிய ஃபிலிம் மட்டும் பத்து லட்சம் அடிக்கு மேல், கசவெட்டிஸையே மிஞ்சியவர் எலைன் மே! இங்கே தன் படமும் இல்லை, தன் காசும் இல்லை. ஆனாலும் கசவெட்டிஸ் பேருந்தில் சிகரெட்டை அணைக்கமாட்டேன் என்று ஓட்டுநரோடு சண்டை பிடிக்கிறார், கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் கல்லறையைத் தேடிக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரிக்கிறார், அழுகிறார். இதைப் பார்த்துவிட்டு வந்து பிழைப்புக்கு நடித்தவர் என்று யாராவது சொல்லட்டும்.

பதிவு 20 | தேநீர் இடைவேளை

நேற்று இரவு பார்த்தேன். நடிப்பு விஷயத்தில் மேட்னி பக்கம் வருகிறேன். சம்பளப் பாக்கி விஷயத்தில் வரவில்லை.